கிரான்தம் கொல்லன் பட்டறையும் கொழிஞ்சாம்பாறைக் கிணறும்



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சத்தம் மறக்காது. கிழக்கு வெளுக்கும் முன்னே ஏதோ ஒரு கிணற்று மேட்டிலிருந்து 'டுக்... டுக்... டுக்' என்று கிளம்பும் ஆயில் எஞ்சினின் சத்தம்தான் அது. அடுத்த தோட்டத்து எஞ்சினும் சிறிது நேரத்தில் அதனுடன் சேர்ந்துகொள்ளும். எந்த எஞ்சின் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் பெரியவர்கள் அன்று இருந்தார்கள்.

என் அப்புச்சி தோட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. "மாட்டுக்குத் தீனி வேணும், இதுக்கு எண்ணெய் வேணும். ரெண்டும் மனசு வெச்சாத்தான் தண்ணி" என்பார் அப்புச்சி. அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது, அதை முதலில் யார் செய்தார்கள் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. 'சீமை எஞ்சின்' என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்தச் 'சீமை' என்ற சொல்லுக்குள் ஒரு சிற்றூர்க் கொல்லனின் கதை ஒளிந்திருக்கிறது. பாலக்காட்டு எல்லையிலும் இடுக்கி மலையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் அதை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

உழவர் நாட்டில் ஓர் உலைக்களம்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் லிங்கன்ஷயர் என்று ஒரு மாவட்டம் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்துக்கோ பெரிய துணி ஆலைகளுக்கோ பேர் போன இடம் அல்ல அது. கோதுமையும் வாற்கோதுமையும் விளையும் வேளாண்மைப் பூமி. அங்குள்ள சிறு நகரமான கிரான்தமில் 1815ஆம் ஆண்டு ரிச்சர்டு ஹார்ன்ஸ்பி என்பவரும் ரிச்சர்டு சீமன் என்பவரும் கூட்டாக ஒரு கொல்லன் பட்டறை நடத்தத் தொடங்கினார்கள். ஹார்ன்ஸ்பிக்கு அப்போது வயது 25.

நம் ஊர்க் கொல்லன் பட்டறைக்கு யார் வருவார்கள்? கொழுவைக் கூராக்க, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்ட, அரிவாள் அடிக்க உழவர்கள்தான் வருவார்கள். கிரான்தமிலும் அப்படியே. கலப்பை, விதைப்புக் கருவி, கதிரடிக்கும் எந்திரம் என்று உழவனுக்கு வேண்டியதையெல்லாம் அந்தப் பட்டறை செய்து கொடுத்தது. சீமனின் பங்கை ஹார்ன்ஸ்பி வாங்கிக்கொண்ட பிறகு 'ரிச்சர்டு ஹார்ன்ஸ்பி அண்டு சன்ஸ்' என்ற பெயர் வந்தது.

கதிரடிக்கும் எந்திரத்தைச் சுழற்ற விசை வேண்டுமே! அதற்காக, குதிரை பூட்டி வயலுக்கு வயல் இழுத்துச் செல்லக்கூடிய நீராவி எஞ்சின்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1851இல் இலண்டன் மாநகரில் நடந்த மாபெரும் கண்காட்சியில் அந்த எஞ்சின் பரிசு பெற்றது. 1864இல் ஹார்ன்ஸ்பி காலமானபோது அந்தக் கொல்லன் பட்டறை பெரிய தொழிற்சாலையாகியிருந்தது.

அதே மாவட்டத்தில் இன்னும் இரண்டு ஊர்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று லிங்கன் நகரம். அங்கே ரஸ்டன் பிராக்டர் என்ற கம்பெனி வளர்ந்தது. மற்றொன்று கெயின்ஸ்பரோ, அங்கே 1848இல் வில்லியம் மார்ஷல் தொடங்கிய கம்பெனி இருந்தது. இவை எல்லாம் உழவனுக்குக் கருவி செய்ய முளைத்த பட்டறைகளே. எஞ்சின் தொழில் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் சுற்றி மட்டும் வளரவில்லை, வயலைச் சுற்றியும் வளர்ந்தது என்பதற்கு லிங்கன்ஷயர் நல்ல சான்று.

சிந்திய மண்ணெண்ணெய்

நீராவி எஞ்சினுக்குக் கொதிகலன் வேண்டும், கரி வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். நெருப்பை மூட்டி நீராவி எழுவதற்கே நெடுநேரம் ஆகும். கொதிகலன் வெடித்தால் உயிரே போகும். சிறு விவசாயிக்கு இது கட்டுபடியாகாது. இதற்கு மாற்று என்ன என்று பலரும் தேடிக்கொண்டிருந்த காலம் அது.

1864இல் யார்க்ஷயர் மாவட்டத்து ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்த ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட், ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்ட் என்ற ஊரில் தம் தந்தையின் தொழிற்சாலையில் வேலை பார்த்து வந்தார். 1885இல் ஒருநாள், உருகிய வெள்ளீயம் இருந்த பாத்திரத்தில் மண்ணெண்ணெய் கைதவறிச் சிந்திவிட்டது. சூட்டில் அது சட்டென்று ஆவியாகி, விளக்கின் சுடர் பட்டுக் குப்பென்று பற்றிக்கொண்டது.

வேறொருவராக இருந்தால் தீயை அணைத்துவிட்டு மறந்திருப்பார். ஸ்டூவர்ட் மறக்கவில்லை. சூடான உலோகத்தின் மேல் எண்ணெய் பட்டால் ஆவியாகிறது. அந்த ஆவி காற்றோடு கலந்தால் வெடிக்கிறது. இதை ஒரு சிலிண்டருக்குள் நடத்திக் காட்டினால் என்ன என்று யோசித்தார். அடுத்த ஆண்டே மாதிரி எஞ்சின்கள் செய்து பார்த்தார். 1890இல் சார்லஸ் பின்னி என்பவருடன் சேர்ந்து காப்புரிமை பெற்றார்.

ஆனால் அவரிடம் பெரிய தொழிற்சாலை இல்லை. ஆகவே 1891இல் கிரான்தம் ஹார்ன்ஸ்பி கம்பெனிக்கு எஞ்சின் செய்யும் உரிமையைக் கொடுத்தார். 'ஹார்ன்ஸ்பி அக்ராய்ட்' என்ற பெயரில் அது 1892 ஜூலை மாதம் விற்பனைக்கு வந்தது. முதல் எஞ்சினை வாங்கியது எது தெரியுமா? ஃபென்னி ஸ்ட்ராட்ஃபோர்ட் அருகே இருந்த ஒரு குடிநீர் நிலையம்! ஆம், இந்த எஞ்சின் பிறந்த நாளிலிருந்தே தண்ணீர் இறைக்கும் எஞ்சின்தான். பிறகு மொத்தம் 32,000க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் இந்த வகையில் செய்யப்பட்டன.

எஞ்சின் ஓடும் விதம்

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்காக இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

இந்த எஞ்சினின் சிலிண்டர் படுக்கை வாட்டில் இருக்கும். அதன் பின்முனையில், ஒரு குறுகிய கழுத்தின் வழியாகச் சிலிண்டரோடு இணைந்த ஓர் இரும்புக் குமிழ் உண்டு. இதுதான் எஞ்சினின் உயிர்நிலை.

முதலில், ஊதுவிளக்கைக் கொண்டு அந்தக் குமிழைப் பத்து நிமிடம் போலச் சூடாக்க வேண்டும். பிறகு பெரிய பிளைவீலைக் கையால் சுழற்றிவிட வேண்டும். அப்போது நான்கு வேலைகள் வரிசையாக நடக்கும்.

ஒன்று: பிஸ்டன் முன்னே போகிறது. சிலிண்டருக்குள் காற்று இழுக்கப்படுகிறது. அதே வேளையில் ஒரு சிறு பம்பு, சூடான குமிழுக்குள் எண்ணெயைப் பீய்ச்சுகிறது. எண்ணெய் ஆவியாகிறது.

இரண்டு: பிஸ்டன் திரும்பி வருகிறது. காற்று நெருக்கப்பட்டு, கழுத்தின் வழியே குமிழுக்குள் நுழைந்து எண்ணெய் ஆவியுடன் கலக்கிறது.

மூன்று: கலவை பற்றிக்கொண்டு வெடிக்கிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் முன்னே தள்ளப்பட, பிளைவீல் சுழல்கிறது.

நான்கு: பிஸ்டன் மீண்டும் திரும்பி வந்து புகையை வெளியே தள்ளுகிறது. நாம் கேட்கும் 'டுக்' என்ற சத்தம் இந்தப் புகை வெளியேறும் சத்தமே.

ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் ஊதுவிளக்கை எடுத்துவிடலாம். வெடிப்பின் சூடே குமிழைக் கனிய வைத்திருக்கும். மின்பொறி வேண்டாம், கொதிகலன் வேண்டாம், கரி அள்ளிப் போட ஆள் வேண்டாம். நன்கு சுத்திகரிக்காத மட்ட எண்ணெயிலும் ஓடும். பாகங்கள் குறைவு; கழற்றி மாட்டுவது எளிது. மின்சாரம் எட்டிப்பார்க்காத கிராமத்துக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் வேறு என்ன இருக்க முடியும்?

பெயர் யாருக்கு?

இன்று இந்த வகை எஞ்சினை எல்லோரும் 'டீசல் எஞ்சின்' என்றே சொல்கிறோம். ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல், ஸ்டூவர்ட்டுக்குப் பிறகே காப்புரிமை பெற்றார். அவருடைய எஞ்சின் 1897இல்தான் முழு வெற்றி கண்டது. அப்படியானால் ஸ்டூவர்ட்டின் பெயர் ஏன் மறைந்தது?

நியாயமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல. ஸ்டூவர்ட்டின் எஞ்சினில் குமிழின் சூடு எண்ணெயைப் பற்ற வைத்தது. டீசலோ, காற்றை மிக அதிகமாக நெருக்கினால் அந்தக் காற்றே எண்ணெயைப் பற்ற வைக்கும் அளவுக்குச் சூடேறும் என்று காட்டினார். அதனால் அவருடைய எஞ்சின் குறைந்த எண்ணெயில் அதிக வேலை செய்தது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் டீசல் தம் எஞ்சினுக்குள் எண்ணெயைச் செலுத்த, அழுத்தி வைத்த காற்றையும் அதற்கென்று தனிக் கருவியையும் பயன்படுத்தினார். ஒரு சிறு பம்பினால் எண்ணெயை நேராகப் பீய்ச்சியவர் ஸ்டூவர்ட். இன்று சாலையில் ஓடும் லாரியின் எஞ்சினில் காற்றை நெருக்கும் முறை டீசலுடையது. பம்பினால் எண்ணெயைப் பீய்ச்சும் முறை ஸ்டூவர்ட் வழியில் வந்தது. இருவர் உழைப்பு, ஒருவர் பெயர். ஸ்டூவர்ட் பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1927இல் அங்கேயே காலமானார்.

கைநழுவிய சங்கிலி

ஹார்ன்ஸ்பி கம்பெனி எஞ்சினோடு நிற்கவில்லை. 1896இல் எண்ணெயில் ஓடும் டிராக்டர் ஒன்றைச் செய்தது. பிறகு அதன் தலைமைப் பொறியாளர் டேவிட் ராபர்ட்ஸ், சேற்றிலும் மணலிலும் சிக்காமல் செல்வதற்காகச் சக்கரங்களைச் சுற்றி இரும்புச் சங்கிலித் தடம் ஓடும் வண்டியை உருவாக்கினார். 1904இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஊர்ந்து போகும் அந்த வண்டிக்குச் சிப்பாய்கள் 'கம்பளிப்பூச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

பிரிட்டிஷ் ராணுவம் அதைச் சோதித்துப் பார்த்தது. ஆனால் பெரிய அளவில் வாங்க முன்வரவில்லை. வாங்குவார் இல்லாததால், முதல் உலகப்போருக்கு முன்பே கம்பெனி அந்தக் காப்புரிமையை அமெரிக்காவின் ஹோல்ட் கம்பெனிக்கு 4,000 பவுனுக்கு விற்றுவிட்டது. போர் மூண்டதும் பீரங்கி இழுக்க அதே பிரிட்டன் அமெரிக்காவிலிருந்து சங்கிலித் தட டிராக்டர்களை விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. 1916இல் போர்க்களத்தில் இறங்கிய டாங்கியும் சங்கிலித் தடத்தில் ஓடியதுதான். அது உருவானது கிரான்தமுக்கு அருகிலுள்ள லிங்கன் நகரில்! நம் வீட்டுப் பொருளின் அருமை நமக்குத் தெரிவதில்லை என்பது எல்லா நாட்டுக்கும் பொது போலும்.

1918இல் ஹார்ன்ஸ்பி கம்பெனி லிங்கன் நகரத்து ரஸ்டன் பிராக்டருடன் இணைந்து 'ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பி' ஆயிற்று. நம் ஊர்ப் பெரியவர்கள் 'ரஸ்டன் எஞ்சின்' என்று சொன்னது இந்தப் பெயரைத்தான். இந்தியாவில் புனே அருகே சிஞ்ச்வடிலும் இந்தப் பெயரில் எஞ்சின்கள் செய்யப்பட்டன. தாய்க் கம்பெனி 1966இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியின் கைக்குப் போனது. பிறகு மேலும் கைமாறியது. கிரான்தம் கொல்லனின் பெயர் எஞ்சின் பலகைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

நம் பக்கம் வந்த கதை

1861–62 ஆண்டுகளில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மதராஸ் ரயில்வேயின் பாதை திறக்கப்பட்டது. அன்று பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. சித்தூரோ கொச்சி சமஸ்தானத்துக்கு உட்பட்டது. ஆட்சி இரண்டானாலும் வானம் ஒன்றே. பாலக்காட்டின் மேற்குப் பகுதியில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, சித்தூரின் கிழக்குப் பகுதிக்கு வரும்போது மெலிந்துவிடுகிறது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பார்த்தால் கோவை மாவட்டம் போலவே இருக்கும். பேச்சும் அப்படியே. கிணறு இல்லாமல் அங்கே வெள்ளாமை இல்லை.

கிணற்றிலிருந்து நீர் இறைக்க அன்று இருந்தது கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது, வடத்தில் கட்டிய சால் மேலே வரும். அதற்கும் எஞ்சினுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு குதிரைசக்தி என்றால், ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரத்துக்குத் தூக்கும் திறன். இது ஜேம்ஸ் வாட் வகுத்த அளவு. ஒரு காலன் தண்ணீரின் எடை 10 பவுண்டு. கிணற்றின் ஆழம் 33 அடி என்று வைத்துக்கொண்டால், ஒரு காலன் நீரை மேலே கொண்டுவர 330 அலகு வேலை ஆகிறது. ஆகவே ஒரு குதிரைசக்தி நிமிடத்துக்கு 100 காலன் இறைக்க வேண்டும். பம்பிலும் பெல்ட்டிலும் குழாயிலும் பாதி வீணாகிறது என்று தள்ளினாலும் 50 காலன் கிடைக்கும். ஐந்து குதிரைசக்தி எஞ்சின் என்றால் 250 காலன். அதாவது ஏறத்தாழ 1,125 லிட்டர்.

30 காலன் பிடிக்கும் சால் நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருவதாகக் கொண்டால், கவலை தருவது 30 காலன்தான். எட்டு ஜோடி மாடுகளின் வேலையை ஓர் எஞ்சின் செய்கிறது. மாட்டைப் போல நடுவில் ஓய்வும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கைச் சென்னை மாகாணத்தில் முன்னின்று எடுத்துச் சொன்னவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். 1888இல் சென்னைப் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலையும் குரோம் தோல் பதனிடுதலையும் இங்கே வளர்க்கப் பாடுபட்டவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிணறுகளில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் வைத்துப் பாசனம் செய்யும் முறையைச் சோதித்துக் காட்டி, விவசாயிகளிடையே பரப்பினார்.

ஆனால் அரசாங்கம் தானே முன்னின்று தொழில்களைத் தொடங்குவதை வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இலண்டனில் இந்திய அமைச்சராக இருந்த மோர்லி பிரபு, அரசுப் பணத்தைத் தொழிற்பயிற்சிக்குச் செலவிடலாமே தவிர, அரசே புதுத் தொழில் நடத்தக்கூடாது என்று முடிவு கூறினார். சாட்டர்டன் பிறகு மைசூருக்குப் போனார். 1916இல் அமைந்த இந்தியத் தொழில் ஆணையத்தில் அவரும் ஓர் உறுப்பினர். அரசின் கை பின்வாங்கினாலும் எஞ்சின் பின்வாங்கவில்லை. வயலுக்குப் போன எஞ்சின் நெல் அரைக்கும் மில்லுக்கும் செக்குக்கும் போய்ச் சேர்ந்தது.

பம்பைப் பற்றி இன்னும் ஒரு செய்தி. பழைய தோட்டங்களில் பம்பு ஏன் கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் ஒரு திண்டின் மேல் இருந்தது என்று பிள்ளைகள் கேட்கலாம். பம்பு நீரை 'இழுக்கிறது' என்கிறோம். உண்மையில் வெளிக்காற்றின் அழுத்தமே நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் சுமார் 34 அடிக்கு மேல் நீரைத் தூக்காது. நடைமுறையில் இன்னும் குறைவு. ஆகவே நீர் இறங்க இறங்கப் பம்பும் இறங்க வேண்டியிருந்தது.

மலைமேல் வேறு வழி

இனி இடுக்கி மலைக்கு வருவோம். சமவெளியில் கவலை கீழே கிடக்கும் நீரை மேலே ஏற்றுவது பற்றி. மூணாறில் நீர் தானே மேலிருந்து விழுகிறது. அங்கே எஞ்சினுக்குப் பதில் சக்கரம் போதும். கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட பெல்ட்டன் சக்கரத்தை மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் காணலாம். 1940இல் பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் அதுவே.

ஆனால் மலையிலும் லிங்கன்ஷயருக்கு ஒரு தொடர்பு உண்டு. முன்பு குறிப்பிட்ட கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனிதான், வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த தேயிலை உருட்டும் எந்திரங்களைச் செய்து இந்தியத் தோட்டங்களுக்கு அனுப்பியது. உழவனுக்கு நீராவி எஞ்சின் செய்த அதே கைகள்!

மலையில் பெரிய பிரச்சினை, இரும்பையும் அரிசியையும் மேலே கொண்டு சேர்ப்பதும் தேயிலையைக் கீழே இறக்குவதும்தான். 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், மற்றொன்று தரையில், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை இரண்டடி அகலச் சிறு ரயில் பாதையாக மாற்றினார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவட ஊர்தி. அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர். நம் முன்னோர் பலர் மலையேறிய வழியும் இந்தப் பக்கந்தான். 1924 ஜூலை மாதப் பெருவெள்ளம், மலையாள ஆண்டு 1099இல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று அழைக்கப்படுவது, அந்த ரயிலை அடியோடு கொண்டுபோயிற்று. மீண்டும் அது போடப்படவே இல்லை. அந்த ரயில் எஞ்சினின் சக்கரம் ஒன்று மட்டும் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருக்கிறது.

கைமாறிய வித்தை

சீமை எஞ்சின் பழுதானால் சீமையிலிருந்தா ஆள் வருவார்? உள்ளூர்ப் பட்டறைக்காரர்தான் வரவேண்டும். தேய்ந்த பாகத்தைப் பார்த்து, அளந்து, வார்த்து, லேத்தில் கடைந்து போட்டார்கள். இப்படிப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே கற்றவர்கள், பிறகு முழுப் பம்பையும் எஞ்சினையும் தாமே செய்யத் துணிந்தார்கள். 1926இல் கோவையில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் தோன்றியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் கோவையில் மின் மோட்டார் உருவானது. இன்று கோவைப் பம்பு இந்தியா முழுவதும் நீர் இறைக்கிறது.

இங்கேதான் இந்தப் பாடத்தின் மையக் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கிரான்தம் எப்படி எஞ்சின் ஊராயிற்றோ, அப்படித்தான் கோவையும் பம்பு ஊராயிற்று. இரண்டு இடத்திலும் பக்கத்து வயலில் ஒரு தேவை இருந்தது. அதைக் காதில் வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை இருந்தது. கம்பெனியின் பெயர் அழியலாம், கைமாறலாம். ஒரு கை மற்றொரு கைக்குக் கற்றுக்கொடுத்த வித்தை அழிவதில்லை.

ஆனால் அந்த வித்தையைக் கொண்டுவந்த கைகளின் பெயர்களையும் நாம் மறந்துவிட்டோம் என்பது வருத்தத்துக்குரியது. ஸ்டூவர்ட்டின் பெயராவது புத்தகத்தில் இருக்கிறது. விடியற்காலையில் குமிழைக் காயவைத்து மில்லை ஓட்டிய எஞ்சின் டிரைவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'கையில் கறுப்பு மை படாத வேலை' பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்று நாம் விரும்புவதில் தவறில்லை. அந்தக் கறுப்புக் கைகள்தாம் நம்மைப் படிக்க வைத்தன என்பதை மட்டும் மறைக்க வேண்டாம்.

எஞ்சின் நீரை உண்டாக்குவதில்லை

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கவலை இறைத்த காலத்தில், மாடு களைத்தால் கிணறு ஓய்வெடுத்தது. எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் களைப்பு இல்லை. ஆகவே கிணற்றுக்கும் ஓய்வு இல்லாமல் போயிற்று. திறந்த கிணறு போய் ஆழ்துளைக் கிணறு வந்தது. கொழிஞ்சாம்பாறைப் பகுதி வறட்சிக்குப் பேர் போனதாகிவிட்டது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர் ஆற்றுப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் விட வேண்டும் என்று 1970இல் கையெழுத்தாயிற்று. ஆனாலும் கோடை வந்தால் கவலை தீர்ந்தபாடில்லை.

சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு கொக்கோகோலா ஆலை திறந்து நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கியது. கிணறுகள் கெட்டன என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்களும் ஊராரும் போராட்டம் தொடங்கினார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. எஞ்சின் எவ்வளவு வேகமாக இறைத்தாலும் ஒரு சொட்டு நீரையும் அது புதிதாக உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குவது மழை. சேர்த்து வைக்க வேண்டியது நாம்.

முடிவாக

வாசகர்களே, உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியவர் இருந்தால் இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவரருகே உட்கார வையுங்கள். தோட்டத்தில் என்ன எஞ்சின் இருந்தது, யார் பழுது பார்த்தார், எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் இருந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மலையில் வாழ்ந்தவர்களாக இருந்தால், தேயிலை பாக்டரியில் எந்த எந்திரத்தில் வேலை செய்தார் என்று கேளுங்கள். ஒரு பக்கம் எழுதினாலும் போதும். கிரான்தம் கொல்லனின் கதை எழுதப்பட்டதால்தான் இன்று நமக்குக் கிடைத்தது. நம் கதையை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

சிறுவர்களுக்குச் சில கேள்விகள்

1. முதல் ஹார்ன்ஸ்பி அக்ராய்ட் எஞ்சின் எந்த வேலைக்காக வாங்கப்பட்டது?

2. ஊதுவிளக்கை எடுத்த பிறகும் எஞ்சின் நிற்காமல் ஓடுவது எப்படி?

3. 66 அடி ஆழமுள்ள கிணற்றிலிருந்து ஐந்து குதிரைசக்தி எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை காலன் இறைக்கும்? பாதி விசை வீணாகும் என்று கொள்க.

4. கிரான்தம் நகருக்கும் கோவைக்கும் உள்ள ஒற்றுமை என்ன?

5. உங்கள் ஊர்க் கிணற்றில் பத்து ஆண்டுகளுக்கு முன் நீர் எத்தனை அடியில் இருந்தது? இப்போது எத்தனை அடியில் இருக்கிறது? வீட்டில் கேட்டு எழுதுக.